கட்டம் கட்டமாக

ரிச்சி தெருவில் எட்டாயிரத்து ஐந்நூறுக்குப்
பேரம் படிந்த பழைய லேப்டாப்.
மூடியில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் பசை
இன்னும் விரலில் பிசுக்கென்கிறது.

பெருங்குடி அறையில்
ஏசுவடியான் உறங்கிய பிறகு
ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
சீட்டாட்டம் வேண்டாம்.
வானிலை சொல்லும் மேகம் வேண்டாம், ஜன்னல் இருக்கிறது.
பிரிண்டரே இல்லை, அதற்கு எதற்கு நான்கு டிரைவர்?
திரையைப் படித்துக் காட்டும் குரல்,
கெமர், அம்ஹாரிக், ஜார்ஜிய எழுத்துருக்கள்...
யாருக்கய்யா இதெல்லாம்?
ஒரே கட்டளை. 'ஆம்' என்பதற்கு ஓர் எழுத்து.

அப்போதும் மனசு ஆறவில்லை.
அடியோடு துடைத்து
கர்னலும் கறுப்புத் திரையுமாய் மறுபடி கட்டினேன்.
பாவம் பார்த்து ஒரு பிரவுசர்.
மூன்று மணிக்கு ஒற்றைக் கர்சர்
மினுக் மினுக்கென்று.
நோன்பிருந்தவன் வயிறு மாதிரி
லேசாக இருந்தது எனக்கு.

ஏசுவடியான் கணினியோ
கல்யாண வீட்டு ஸ்டோர் ரூம்.
மூன்று மியூசிக் பிளேயர், இரண்டு கால்குலேட்டர்,
ஒருநாளும் அவன் திறக்காத கோள்களின் வரைபடம்.
மெனுவைத் தொட்டால் வேளச்சேரி சிக்னல்.
கேலி செய்வேன்.
"இருந்துட்டுப் போகட்டும்டா, சோறா கேக்குது?" என்பான்.

வியாழன் இரவு
குடியிருப்புச் சங்கத்திலிருந்து மெயில்.
திறந்தேன்.
கட்டம். கட்டம். கட்டம்.
ஒரு காற்புள்ளி. கட்டம்.
நடுவில் 6 என்ற எண் மட்டும் பளிச்சென்று.
செயலாளர் பரிமளகாந்தி இருக்கவேண்டிய இடத்தில்
பதினோரு காலிப் பெட்டிகள்.
சந்தா பாக்கியாக இருக்கும் என்று மூடிவைத்தேன்.

வெள்ளி காலை குழாய் இருமியது.
தண்ணீர் லாரி ஆறு மணிக்கே வந்து போயிருந்தது.
ஏசுவடியானின் இரண்டு குடம், ஒரு டிரம்,
விளிம்புவரை.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் தந்த ஒரு வாளியில் குளித்து
ஈரத் தலையோடு உட்கார்ந்து
தமிழ் எழுத்துருவை இறக்கினேன்.
ஒரு புகைப்படத்தின் எடைகூட இல்லை.
கட்டங்கள் கண் திறந்தன:
அன்புடையீர்,

எந்த ஊரிலோ, எந்தப் பின்னிரவிலோ
பட்டியலை உருட்டிக்கொண்டே வந்த ஒருவன்
தமிழ் என்ற வரியில் நின்று
யாருக்கய்யா இது என்று
கேட்டிருப்பான், தன் மொழியில்.

கெமரையும் திரும்பப் போட்டேன்.
அந்தப் படித்துக் காட்டும் குரலையும்.

சீட்டாட்டம் வேண்டாம்தான்.