ரகசிய ஆயுள்

ஷெண்டன் வே, பதினேழாம் மாடி.
மழை வருமா வராதா என்றொரு வானம்.
ஆணையத்தின் படிவம் நூற்றுப் பன்னிரண்டு வரிசை;
வங்கியின் பூட்டுகள் அத்தனையையும்
எண்ணி எழுதச் சொல்கிறது.
எங்கே பூட்டு, யார் செய்தது, எப்போது மாற்றுவீர்.
கடைசிக் கட்டம்: ரகசிய ஆயுள், ஆண்டுகளில்.

"இப்போதே அள்ளிக்கொண்டு போகிறார்கள்"
என்றான் ஃபிர்தவுஸ், கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்க.
"திறக்கத் தெரியாது. சும்மா வைத்திருப்பார்கள்.
குவாண்டம் கணினி பழுக்கட்டும் என்று.
பத்து வருஷமோ, பதினைந்தோ."
கெண்ட் ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினான்.
அங்கே ஓர் உருளைக்குள்
விண்வெளியைவிடக் குளிரில்
அது இன்னும் தப்புத் தப்பாய்க்
கூட்டிப் பழகுகிறதாம்.

நிரப்பினேன்.
கடன் அட்டை: ஐந்து.
வீட்டுக் கடன்: முப்பது.
மருத்துவக் காப்புறுதி: ஆள் இருக்கும்வரை.
எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டம் அதைத் துப்பியது.
தொண்ணூறு போட்டேன்.

பிறகு, படிவத்தில் இல்லாத ஒன்று.
போன ஆகஸ்டில், இரவு இரண்டு மணிக்கு,
பொங்கோல் வீட்டுக் குளியலறையிலிருந்து
அனுப்பி, அனுப்பிய கையோடு அழித்த
நான்கு வரி.
அவன் படித்தானா, தெரியாது.
வழியில் யாரேனும் அள்ளியிருந்தால்
எங்கோ ஒரு கிடங்கில்
வாய் பூட்டிக் கிடக்கிறது.

என்றோ ஒருநாள் திறப்பார்கள்.
எழுத்து எழுத்தாய் வெளியே வரும்.
அந்த இயந்திரத்துக்காவது விளங்குமா,
"வராதே" என்று நான் எழுதியது
எதைச் சொல்ல என்று?

"முடிந்ததா?" என்கிறான் ஃபிர்தவுஸ்.
ஒரு கட்டம் காலி, என்கிறேன்.