வெளிச்சம் பார்க்க ஒருவன்

அமைச்சர் பதினொரு மணிக்கு வருவார்.
பத்தரைக்கு நான்தான் அமைச்சர்.

துடைப்பத்தைச் சுவரோடு சாய்த்துவிட்டு
அந்த மர நாற்காலியில் உட்காருவேன்.
ரேகுலா ஏபி என் தாடைக்குக் கீழே
வெள்ளைக் குமிழ் வைத்த மீட்டரை நீட்டுவாள்.
அது முகத்தைப் பார்ப்பதில்லை,
முகத்தில் விழுவதை மட்டும் அளக்கும்.
பேர்ன் நகரில் என் நிறத்தை விசாரிக்காத
முதல் அதிகாரி அதுதான்.

பிறகு ஒரு பொலராய்ட்.
பனிக்காலமென்றால் அக்குளில் வைத்துச் சூடாக்கி
மெல்ல உரித்துப் பார்ப்பாள்.
"மூக்கின் நிழல் நீளம்."
விளக்கு ஒரு சாண் இறங்கும்.
நான் எழும்புவேன்.
அமைச்சர் வந்து என் சூட்டில் உட்காருவார்.

லாங்னாவில் இறைச்சிக் கடைக்காரரின் மகள்.
எந்த எலும்பில் கத்தி நிற்கும், எதில் இறங்கும்
என்று அறிந்த கண்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவள்
சேறு காயாத முகத்தோடு ஒரு சைக்கிள் வீரனை எடுத்தாள்.
அந்த ஒரு படம் அவளைப் பாரிசுக்கும் லண்டனுக்கும்
கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.
அதற்கப்புறம் எல்லோரும் இங்கே வந்தார்கள்,
லெங்காஸ்ஸேயில், மூன்றாம் மாடிக்கு.
லிஃப்ட் போடவே விடவில்லை அவள்.
மூச்சு வாங்குகிற முகத்துக்கு
நடிக்க நேரமிருக்காதாம்.

சிரியுங்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.
காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள்.
வங்கித் தலைவர் ஒருவர் வெகுநேரம் யோசித்தார்.
அந்த யோசனைதான் இன்று வங்கியின் சுவரில்
தொலைநோக்கு என்ற பெயரில் தொங்குகிறது.

தொண்ணூற்றெட்டில் எனக்குக் குடியுரிமை.
ஒரு படம் எடுத்துத் தருவீர்களா என்று கேட்டேன்.
லென்ஸைத் துடைத்தபடியே இருந்தாள்.
"நிலையத்தில் பெட்டி இருக்கிறது, தவனேசன்.
எட்டு ஃபிராங்க்."

பெட்டிக்குள் திரையை இழுத்து உட்கார்ந்தேன்.
பளிச். பளிச்.
மூக்கின் நிழலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.
பத்து வருஷம், அந்தச் சிவப்புப் புத்தகத்தில்
திடுக்கிட்டவனாகவே எல்லைகளைக் கடந்தேன்.

கடைசியில் அவளுடைய இடது கண்ணில் புகை.
நிறுத்திவிட்டதாக ஒருவருக்கும் சொல்லவில்லை,
விளக்குகளை மட்டும் விற்றாள்.
போன மார்ச்சில் இறந்தாள்.

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
இழுப்பறைகளில் நானூற்றுச் சொச்சம் பொலராய்ட்,
எல்லாவற்றிலும் ஒரே ஆள்,
யாரென்று உங்களுக்குத் தெரியுமா?

மனைவியோடு போய்ப் பார்த்தேன்.
மீசையோடு நான். மீசையை எடுத்த நான்.
மகள் பிறந்த இரவுக்கு மறுநாள், கண் வீங்கி.
அம்மா செத்த செய்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நான்.
பின்புறம் பென்சிலில் அவள் கையெழுத்து:
நிதியமைச்சர்.
செல்லோக்காரர், சிடுமூஞ்சி.
பாலாடைக்கட்டி முதலாளி, இரண்டாம் முறை.

"கடைசியில உங்களை மந்திரியாக்கிப் போட்டாளே"
என்று மனைவி சிரித்தாள்.
அருங்காட்சியகப் பெண்ணுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒன்றின் முதுகில் பெயரே இல்லை.
நவம்பர் 98 என்று மட்டும்.
அன்று யார் வருவதாக இருந்தது? கேட்டாள்.
நினைவில்லை என்றேன்.

நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை.
யாரும் வருவதாக இல்லை.
ஹீட்டர் பழுதென்று கூப்பிட்டிருந்தாள்.
ஹீட்டர் நன்றாகத்தான் எரிந்தது.
புது விளக்கு, ஒரு நிமிஷம் உட்கார் என்றாள்.
மீட்டரை எடுக்கவில்லை.
காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

புட்டு என்றேன்.
அது என்ன என்றாள்.

படத்தில் என் வாய் பாதி திறந்திருக்கிறது.
இரண்டு கைகளும் காற்றில்
மாவு குழைத்துக்கொண்டிருக்கின்றன.