பட்டது

அம்பாறை நீதிமன்றில்
மொழிபெயர்ப்பாளர் கதிரை எனது.
கூண்டில் உதுமாலெப்பை,
இறக்காமத்து பஸ் சாரதி.
சடுதியாய் பிரேக் அடித்ததில்
பின்சீட்டுக்காரருக்குப் பல் போனது இரண்டு.

"யானையைக் கண்டீரா?"
"இல்ல சேர். நிப்பாட்டி லைட்டக் கூட்டின மறுகாதான்."
"சத்தம்?"
"எஞ்சின் சத்தந்தான்."
"அப்படியென்றால் ஏன் நிறுத்தினீர்?"
"மனசில பட்டிச்சி."

'நினைத்தார்' என்று சிங்களத்தில் சொன்னேன்.
அவருக்கும் கொஞ்சம் தெரியும்.
"நினைக்க எங்க நேரம்?" என்றார்.
'சந்தேகித்தார்',
அது பொலிஸின் சொல்.

கண்ணில் படும். கையில் படும்.
வெயில் படும், வெடி படும்.
பட்ட மரமும் ஒன்று நிற்கிறது
நீதிமன்ற வளவில்.
செய்தவர் இல்லாத வினை.
எழுவாய் எங்கே என்று
எந்தச் சட்டத்தரணியும் கேட்கலாம்.

தட்டச்சுக்காரி சந்திரலதா
விரல்களை எடுத்து மடியில் வைத்தாள்.
யாரையும் பாராமல்
தன் மொழியில் முணுமுணுத்தாள்:
"சேனைக்கு அது வரும் இரவில்
நாய்க்கு முன்னம் நான் விழித்துவிடுவேன்."

அது பதிவில் இல்லை.
பதிவில், என் கையெழுத்துக்கு மேலே,
'ஊகித்தார்' என்று இருக்கிறது.

பிழையென்று
ஒப்பமிடும்போதே பட்டது.