பட்டதும் சொல்

நூவொரோ மருத்துவமனை, இரண்டாம் மாடி.
என் நரம்பை அறிய
ஒரு துண்டுத் தூண்டில் நரம்பு
பொனாரியாவின் கையில்.
கண்ணை மூடு, பட்டதும் சொல் என்கிறாள்.

குதிகால். பட்டது.
நடுப்பாதம். பட்டது.
பிறகு ஒன்றுமில்லை. வெளியே
ஒரு ஸ்கூட்டர் மேடேற முடியாமல் திணறுகிறது.
எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது?
"பட்டது" என்றேன்.

"இன்னும் தொடவே இல்லையே, இலேனியா."

ஏழு வயதிலிருந்து
சர்க்கரை நோட்டில் பொய் எழுதிப் பழகிய கை,
அம்மாவிடம் சொல்லிப் பழகிய வாய்.
கால் எப்போது கற்றுக்கொண்டது?

இசைக்கவையைத் தட்டிப்
பெருவிரல் எலும்பில் ஊன்றுகிறாள்.
உள்ளே ஒரு வண்டு.
"நின்றதும் சொல்."
நின்றது.
அதே கவையைத்
தன் கட்டைவிரல் கணுவில் வைத்துத்
தலை சாய்த்துக் காத்திருக்கிறாள்.
அவள் விரலில் வண்டு பறந்துகொண்டே இருக்கிறது.
எட்டு நொடி.
ஒன்பது.

வலியே இல்லையே என்கிறேன்.
"அதனால்தான் இப்போதே பார்க்கிறோம்."

ஆகஸ்டில் ஒரோசெய் கடலிலிருந்து திரும்பிய இரவு
என் உள்ளங்காலில்
கடல் முள்ளெலியின் மூன்று முட்கள்.
கண்டுபிடித்தது தம்பி.
வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்,
என்ன தைரியம் இவளுக்கு என்று.

நானும் நம்பியிருந்தேன்.