பொதுப்பெட்டி

டீ ஃபேக்டரி ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்,
எண்ணூறு ரூபாய்.
இரண்டு ஹார்டு டிஸ்க்கை உள்ளே திருகி
எங்கள் வீட்டு அரிசி டிரம் மேல் வைத்தேன்.
இனி அந்த இடம் கதகதப்பாக இருக்கும் என்று
பூனைக்குத்தான் முதலில் தெரிந்தது.

சோலூர்மட்டத்துச் சரிவில் நான்கு வீடு.
மேலே நாங்கள்.
அடுத்து லாரி அந்தோணிராஜ்.
ஓடை தாண்டி, தபால் வேலையில் ஓய்வுபெற்ற பெள்ளி அண்ணன்.
பாதை முடிகிற இடத்தில் நர்ஸ் யோகேஸ்வரி.
திருப்பூர் பனியன் கம்பெனி ரூமில் என் தம்பி;
அவனையும் ஐந்தாவது வீடாகச் சேர்த்துக்கொண்டோம்,
ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் அவனுக்குப் படம் ஓடும்.

தேயிலை வரிசைக்குள் இழுத்த கேபிளை
இரண்டு தடவை காட்டெருமை கொம்பில் மாட்டிக்கொண்டு போனது.
மூன்றாம் தடவை சில்வர் ஓக்குக்குச் சில்வர் ஓக் உயர்த்திக் கட்டினோம்.
நூறு மீட்டரில் அதற்கு மூச்சு வாங்கும்.
நடுவில், பெள்ளி அண்ணன் மாட்டுக்கொட்டகையில் ஒரு ஸ்விட்ச்.
பசு அதைப் பார்த்தபடியே அசைபோடும்.

எல்லோரும் கொண்டுவந்தார்கள்.
பூஞ்சை பிடித்த சிடி, நூல் கட்டிய பென்டிரைவ்.
ஹெத்தை ஹப்பா ஆட்டம், பதினோரு வருடத்தது,
பெள்ளி அண்ணன் ஒரே இடத்தில் நின்று எடுத்தது.
ஃபோல்டர் பெயர்களில்தான் சண்டை:
புதுசு. புதுசு 2. நல்ல படம்.
அப்பா இதைத் திறக்காதே.
அந்தோணிராஜ் மகள் ஜெனிட்டா கல்யாணம் மட்டும் நாற்பது ஜிபி;
அதில் ஆறு நிமிடம் வெறும் வெள்ளை,
பனிமூட்டத்துக்குள் போன ட்ரோன்.
"என்கிட்ட ஒண்ணும் இல்ல, பாக்குறேன், போதும்"
என்றாள் யோகேஸ்வரி.
அவள் பெயரிலும் ஒரு ஃபோல்டர் திறந்துவைத்தேன், காலியாக.

ஐப்பசி மழையில் டிஸ்க் நிறைந்தது.
பெள்ளி அண்ணன் வீட்டில் கூடினோம்.
"கல்யாணத்த அழிச்சிடு"
என்று அந்தோணிராஜே ஆரம்பித்தான்.
ஜெனிட்டா திரும்பி வந்து எட்டு மாதம்.
கோர்ட்டில் அடுத்த தேதி கார்த்திகையில்.
யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் கை தூக்கினோம்.
யோகேஸ்வரியும் தூக்கினாள்,
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

அழிக்கும் முன் கணக்கைப் பார்த்தேன்.
எந்த வீடு, எந்த நேரம், எதை, எதுவரை
எல்லாம் அந்தப் பெட்டி எழுதிவைக்கும்.
நான் எழுதச் சொன்னதில்லை.
கல்யாணத்தை ஒரு வருடமாக யாரும் தொடவில்லை,
நான்காம் வீட்டைத் தவிர.
நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுகிற மத்தியானங்களில்
இரண்டு மணி ஏழாம் நிமிடத்திலிருந்து எட்டாம் நிமிடம் வரை.
அறுபத்தொரு தடவை.

ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது பந்தி.
தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி.
கரண்டியை மைக் மாதிரி பிடித்துக் கேமராவிடம்
என்னவோ சொல்கிறான் செல்வரத்தினம்,
பேண்டு சத்தத்தில் கேட்கவில்லை,
சிரிக்கிறான், அடுத்த இலைக்குப் போகிறான்.
அந்தச் சித்திரையில்தான் குவைத் போனான்.
இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று
மூன்று வருடமாக ஒரு பெண் குரல் சொல்கிறது.

ஐம்பது நொடியை வெட்டி எடுத்தேன்.
என்ன பெயர் வைப்பது?
2.07 என்று மட்டும் போட்டு
அந்தக் காலி ஃபோல்டரில் வைத்தேன்.
மீதியை அழிக்கப் பதினேழு நிமிடம் ஆனது.

நாலு நாள் கணக்கைத் திறந்து திறந்து பார்த்தேன்.
பூஜ்யம்.
ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாப்பில் குடைக்குள்ளிருந்து
"உங்க கேபிள் எங்க வாசல்ல தாழ்ந்து தொங்குது,
இழுத்துக் கட்டிடுங்க" என்றாள்.
கோத்தகிரி பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

போய்க் கட்டினேன்.
வீட்டுக்கு வந்ததும்
கணக்கு எழுதும் வேலையைப் பெட்டியில் அணைத்துவிட்டேன்,
எல்லா வீட்டுக்கும் சேர்த்து.

டிரம் மேல் பூனை.
அதன் வால் பக்கத்தில் பச்சை விளக்கு
துடித்துத் துடித்து நிற்கிறது.
யார் வீட்டில் என்ன ஓடுகிறதோ.