இடது விளக்கு

பிராம்ப்டனில், டோனட் கடையின் பின்வெளி.
வியாழன் மாலை. தாரில் வெயில் இன்னும் ஒட்டிக்கிடக்கிறது.
பதினேழு கார்கள் பானட்டைத் திறந்தபடி நிற்கின்றன,
பல் வைத்தியரிடம் வந்தவை போல.

வெண்டலுடையது எழுபதாம் ஆண்டுச் சலஞ்சர்.
ஹர்கீரத்தினுடையது, எங்கள் தொழிற்சாலை
வாய் மூடுமுன் கடைசியாகத் துப்பியவற்றில் ஒன்று.
கத்தரிப்பூ நிறம்.
கம்பனி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது;
எனக்கு அது கத்தரிப்பூ.

இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றால்
வாராவாரச் சண்டை தொடங்கிவிடும்.

"என் கலியாணக் கோட்டை
யாரோ இரண்டு அளவு பெருப்பித்துத் தைத்துப்
போட்டுக்கொண்டு திரிகிறான்" என்கிறார் வெண்டல்.

"உங்கள் கோட்டு தூறலுக்கே வீட்டுக்கு ஓடும்.
என்னுடையது ஜனவரியில் இருக்கையைச் சூடாக்கும்.
பிரேக் என்றால் நிற்கும்."

லோர்னா கோப்பியை ஊதுகிறாள்.
"பின்கண்ணாடி தபால்பெட்டியின் வாய் அளவு.
பின்னால் வருவது லொறியா, வாழ்க்கையா, ஒன்றும் தெரியாது.
பின்னோக்கிப் பார்த்துச் செய்த காரில்
பின்னால் பார்க்க முடியாது. யாராவது விளக்குங்கள்."

யாரும் விளக்கவில்லை.
பழைய கள், புதிய மொந்தை என்போம் நாங்கள்.
இது பழைய மொந்தை போலவே வனைந்த புதிய மொந்தை,
கள்ளும் புதிது, அதில் புளூடூத் வேறு.
இதை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்து
பாதியில் விட்டுவிட்டேன்.

என்னை ஒருவரும் கேட்பதில்லை.
பதினொரு வருடம் நான் இடது விளக்கு.
வலது, எத்தியோப்பியாவிலிருந்து வந்த செலாம்.
ஒரு முகத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.
பாதி பாதியாய் எத்தனை ஆயிரம் முகம்!
முழுசாய் ஒன்றை நாங்கள் நின்று பார்த்ததில்லை.

இருட்டுகிறது.
வெண்டல் விளக்கைப் போடுகிறார்.
நான்கில் மூன்றுதான் எரிகின்றன.
இடது ஓரம் குருடு.

கையுறைப் பெட்டியில் திருகாணி முடுக்கி இருந்தது,
புதிய விளக்கொன்றும்,
பழைய செய்தித்தாளில் முட்டை போல் சுற்றி.
நான் முழங்காலில் இறங்கினேன்.
ஹர்கீரத் கைபேசி வெளிச்சம் பிடித்தான்.
தலைக்கு மேலே சண்டை தொடர்ந்தது, இப்போது சத்தம் பற்றி.

ஒரு வளையம். சில திருகாணி. பின்னால் ஒரு செருகி.
அவ்வளவுதானா?
நாங்கள் பூட்டியதை மாற்ற
பம்பரையே அவிழ்க்கச் சொல்வார்கள்.

கண்ணாடிக் கிண்ணம் உள்ளங்கையில் இருந்தது.
அந்தக் காலத்தில் சட்டம் சொன்ன அளவு இது,
எல்லாக் கம்பனிக்கும் ஒன்றுதான்,
வட்டத்தைத் தவிர வழியிருக்கவில்லை என்றார் வெண்டல்,
மேலேயிருந்து, ஏதோ மன்னிப்புக் கேட்பவர் போல.

ஆக, அன்று வரைந்தவன் விரும்பி வரையவில்லை.
கொடுத்த வட்டத்தைச் சுற்றி
கோபமான ஒரு நெற்றியைக் கட்டினான்.
நாற்பது வருடம் கழித்து
எந்த வடிவமும் கையில் இருந்த ஒருவன்
அந்தக் கட்டாயத்தைத் தேடிப்போய் ஆசைப்பட்டிருக்கிறான்.
அதை நான் பதினொரு வருடம் பூட்டியிருக்கிறேன்.

செருகினேன். எரிந்தது.
என் முகத்துக்கு நேரே, மஞ்சளாய், கொஞ்சம் சோம்பலாய்.

"நீ சொல், இரண்டில் எது?"
லோர்னாதான் கேட்டாள்.

எங்கள் பேச்சில் வடிவு என்றால் அழகு.
வடிவு என்றால் உருவமும்தான்.
வடிவாய்ப் பார் என்றால் கவனமாய்ப் பார்.
எதைச் சொல்ல?
"வலது பக்கமும் மங்கல்" என்றேன்,
"அடுத்த வியாழன் ஒன்று வாங்கி வாருங்கள்."

முழங்காலில் தார்ப்பொடி.
தட்டிக்கொண்டு என் காருக்கு நடந்தேன்.
சாம்பல் நிறக் கொரொல்லா, ஒன்பது வயது.
அதற்கு எப்படி முகம் என்று
இன்றுதான் குனிந்து பார்த்தேன்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது,
பெயரை மறந்துபோன ஒருவரைப்
பார்ப்பதுபோல.