இருபத்தொன்பது ரூபாய்ப் புழு

பத்துச் செடிக்கு ஒரு செடி நின்று
நுனிக்குருத்து வாடியிருக்கிறதா என்று பார்த்து
காலண்டர் தாளின் முதுகில் கோடு போடுகிறேன்.
நாற்பது சென்ட் வெள்ளைக் கத்தரி,
கீழப்பாவூர்க் குளத்துக்கு மேற்கே.
இனக்கவர்ச்சிப் பொறியில் ராத்திரி விழுந்த அந்து ஏழு.
முந்தின ராத்திரி மூன்று.

நேற்றைய பறிப்பு இருநூறு கிலோ.
அதில் இருபது கிலோ ஓட்டை.
பிளந்தால் உள்ளே ஒரு இளஞ்சிவப்புப் புழு,
பட்டா தன் பேரில் இருப்பதுபோல.

மருந்துக்கடை செல்வமோகன்
போட்டோவைப் பார்த்ததுமே பாட்டிலை எடுத்துவிட்டான்.
"இன்னைக்கே அடிச்சிருங்க மயினி,
விட்டா தோட்டத்தையே தின்னுரும்."
அவன் கடையில் எல்லாப் புழுவும்
இன்றைக்கே சாக வேண்டியவை.

பாட்டில் அறுநூற்று ஐம்பது.
அடிக்க வரும் அய்யாத்துரைக்கு ஐந்நூறு, டீ தனி.
அடித்தாலும் பாதிதான் சாகும்;
காய்க்குள் போனது கதவைச் சாத்திக்கொண்டது.
நாலு பறிப்புக்கும் சேர்த்து
எனக்கு மிஞ்சுவது நாற்பது கிலோ.

சத்திரத்துச் சந்தையில் கிலோ ஒன்பது.
முந்நூற்று அறுபதைக் காப்பாற்ற
ஆயிரத்து நூற்றைம்பதை ஊற்றச் சொல்கிறான்.

வகுத்துப் பார்த்தேன். இருபத்தொன்பது வந்தது.
கிலோ அதற்குக் கீழே போனால் நீ விருந்தாளி,
மேலே போனால் எதிரி.
உன் பசி என்னவோ ஒரே பசிதான் புழுவே.
ஏலத்தில் எவனோ கூவுகிற எண்
உன் ஆயுளை நீட்டுகிறது, குறைக்கிறது.
என்னை மட்டும் வேறென்ன செய்கிறது?

ஆவணி முகூர்த்தம் வந்தது.
புதன்கிழமை முப்பத்துநாலு!
செல்வமோகன் இரண்டு தடவை போன் அடித்தான்.
எடுக்காமல் கணக்கைத் திரும்பப் போட்டேன்:
செடி கிழடு, இனி இரண்டே பறிப்பு,
இருபது கிலோ, அறுநூற்று எண்பது.
போதாததற்கு, மருந்தடித்தால் ஏழு நாள் பறிக்கக் கூடாது.
கல்யாணமோ ஞாயிறு.

பாட்டில் அவன் அலமாரியிலேயே இருக்கட்டும்.
கத்தரிக்கோலோடு இறங்கி
வாடிய குருத்தையெல்லாம் நறுக்கி வாளியில் போட்டேன்.
குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வந்து முதுகை நனைத்தது.
மூன்று மணி நேரம்.
நூற்றுப் பதினாறு குருத்து.

இந்த மூன்று மணி நேரத்தை
எந்தப் பத்தியில் எழுத என்று கேட்டேன்.
"எழுதாத" என்றார் வீட்டுக்காரர்,
தட்டைப் பார்த்தபடி.
தட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு,
ஓட்டையைச் சுற்றி வட்டமாய் வெட்டி எறிந்த காய்,
பதினோராவது நாளாக.